கரி பூசிய சரித்திரம்

முதலில் டைனோசரை இந்த வழக்கிலிருந்து விடுதலை செய்துவிடலாம். பெட்ரோல் பங்கில் வரிசையில் நிற்கும் பலர், செத்த டைனோசரைத்தான் லிட்டர் கணக்கில் வாங்குகிறோம் என்று நம்புகிறார்கள். பாவம், அந்தப் பிராணிக்கும் பெட்ரோலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கண்ணுக்கே தெரியாத கடல் பாசிகளும் நுண்ணுயிர்களும் செத்து, அடியில் படிந்து, சேற்றுக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகள் வெந்ததுதான் பெட்ரோல். நிலக்கரியின் பூர்வீகம் சதுப்புக் காடு. 36 கோடி முதல் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், ராட்சதப் பெரணிகளும், இரண்டடிக்கு மேல் சிறகு விரிக்கும் தட்டான்பூச்சிகளும் வாழ்ந்த காலத்தில், விழுந்த மரங்கள் முழுசாக மக்காமல் புதைந்து கரியாயின. டைனோசர் பிறப்பதற்கே இன்னும் ஆறேழு கோடி வருஷம் பாக்கி இருந்தது.

இப்படி யாரும் தொடாமல் கிடந்த சொத்தை மனிதன் எப்படிக் கைப்பற்றினான் என்பதைப் பாடப்புத்தகங்கள் மேளதாளத்தோடு சொல்லும். மேதைகள் யோசித்தார்களாம், நாகரிகம் பிறந்ததாம். கிட்டே போய்ப் பார்த்தால் அங்கே மேதைகளைவிட, அன்றைய பாட்டை எப்படிக் கழிப்பது என்று தவித்த ஆசாமிகள்தான் அதிகம். ஒருவனுக்குக் குளிர், ஒருவனுக்குச் சுரங்கத்தில் தண்ணீர், இன்னொருவனுக்கு விளக்கெண்ணெய் விலை. மனித குலம் இனி கரியை நம்பித்தான் பிழைக்க வேண்டும் என்று யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றவில்லை.

சொல்லப்போனால் ஆரம்பத்தில் கரியை யாருக்கும் பிடிக்கவே இல்லை. 1257-இல் இங்கிலாந்து ராணி எலினோர் நாட்டிங்ஹாம் கோட்டையில் தங்கப் போனார். ஊரார் எரித்த கரிப்புகை அரச மூக்கைத் துளைத்தது. ராணி மூட்டை கட்டிக்கொண்டு வேறு கோட்டைக்குப் புறப்பட்டுவிட்டார். அவருடைய மகன் முதலாம் எட்வர்டு அரியணையில் இருந்தபோது, 1306 வாக்கில், லண்டனில் இந்தக் கரியை எரிக்கக் கூடாது என்று ஆணை பிறந்தது. ஆணை ஏட்டில் இருந்தது, புகை வானத்தில் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்துகொள்ளவில்லை.

அடுத்த சில நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் காடுகள் கப்பலாகவும் வீடாகவும் இரும்பு உலைக்கு விறகாகவும் போய்ச் சேர்ந்தன. விறகு விலை ஏழைக்கு எட்டவில்லை. நியூகாசிலிலிருந்து கப்பலில் வந்து இறங்கும் கரி மலிவாகக் கிடைத்தது. முதலில் ஏழை வாங்கினான், பிறகு நடுத்தரம், கடைசியில் மூக்கைப் பொத்திக்கொண்டு பிரபுவும் வாங்கினார்.

1661-இல் ஜான் ஈவ்லின் என்ற கனவானுக்குப் பொறுக்கவில்லை. லண்டன் புகையைக் கண்டித்து ஒரு சிறு நூல் எழுதி அரசர் இரண்டாம் சார்லஸிடமே கொடுத்தார். கரி எரிக்கும் தொழில்களை ஊருக்கு வெளியே தள்ளுங்கள், நகரைச் சுற்றி மணக்கும் பூச்செடிகள் வையுங்கள் என்பது அவருடைய யோசனை. அரசர் படித்தார், ரசித்தார், சட்ட முன்வரைவு தயார் செய்யச் சொன்னார். அதோடு சரி. மறு வருஷமே, 1662-இல், அதே அரசாங்கம் அடுப்பு ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 ஷில்லிங் வரி போட்டது. ஈவ்லின் எழுதியதிலிருந்து அரசாங்கத்தின் மனதில் தங்கியது, ஊரில் நிறைய அடுப்பு இருக்கிறது என்கிற ஒரே தகவல்தான் போலிருக்கிறது.

1666-இல் லண்டன் தீப்பிடித்து எரிந்தது. பழைய செயின்ட் பால் தேவாலயமும் போயிற்று. மறுபடி கட்டப் பணம்? லண்டன் துறையில் வந்திறங்கும் கரிக்கு வரி. கிறிஸ்டோபர் ரென் கட்டிய அந்தப் பிரம்மாண்டமான கோபுரம் கரிக்காசில் எழும்பியது. அது எழும்ப எழும்ப ஊர்ப்புகை அதன் வெள்ளைக் கல்லில் படிந்துகொண்டே வந்தது. கட்டியதும் கரி, கறுத்ததும் கரி. இனி எந்த மந்திரி கரியை ஒழிக்கப் போகிறார்? வருமானம் கொட்டும் கெட்ட பழக்கத்தை எந்த அரசாங்கமாவது கைவிட்டதுண்டா? தமிழ்நாட்டு வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதற்குள் மேலாகக் கிடந்த கரியெல்லாம் தீர்ந்து, சுரங்கங்கள் ஆழமாகிவிட்டன. ஆழம் போனால் ஊற்று. குதிரைகளைச் செக்கில் கட்டிச் சுற்றவிட்டுத் தண்ணீர் இறைத்தார்கள். குதிரைக்குத் தீனி போட்டு மாளவில்லை. இந்த இடத்தில்தான் டார்ட்மவுத் ஊரின் இரும்புச் சாமான் வியாபாரி தாமஸ் நியூகாமன் வருகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் பாப்டிஸ்ட் சபையில் பிரசங்கம் செய்கிற ஆள். 1712-இல் டட்லி கோட்டைக்குப் பக்கத்தில், ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் வாயில், வீட்டு உயரத்துக்கு ஒரு யந்திரத்தை நிறுத்தினார்.

அது வேலை செய்த விதம் விசித்திரமானது. பெரிய உருளைக்குள் நீராவியை நிரப்புவார்கள். அதில் குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்சுவார்கள். நீராவி சட்டென்று தண்ணீராகச் சுருங்கும். உள்ளே வெற்றிடம், வெளியே காற்று. காற்றின் அழுத்தத்தில் பிஸ்டன் கீழே இறங்கும், மேலே கிடந்த உத்தரம் சாயும், மறுமுனையில் சுரங்கத் தண்ணீர் மேலேறும். நிமிஷத்துக்குப் பன்னிரண்டு தடவை, தடவைக்கு 10 கேலன். ஒவ்வொரு தடவையும் உருளையைச் சுடவைத்து, உடனே குளிரவைத்து, மறுபடி சுடவைக்க வேண்டும். எரித்த கரியில் நூற்றில் ஒரு பங்குகூட உருப்படியான வேலையாக மாறவில்லை. இந்தப் பகாசுரனை வேறு எங்கே கொண்டுபோய் வைத்தாலும், அதற்குக் கரி வாங்கியே முதலாளி ஓட்டாண்டியாகியிருப்பார். அதை வைத்துப் பிழைக்க உலகத்தில் ஒரே இடம்தான் இருந்தது. விற்க லாயக்கில்லாத தூள் கரி சும்மா கொட்டிக் கிடக்கும் நிலக்கரிச் சுரங்கத்தின் வாசல்.

ஆக, நிலக்கரியை எரித்து ஓடிய முதல் உருப்படியான யந்திரம் செய்த மகத்தான வேலை, இன்னும் கொஞ்சம் நிலக்கரி எடுக்க வழி செய்தது. வட்டி கட்டக் கடன் வாங்குகிறவனுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். இது ஏதோ 18-ஆம் நூற்றாண்டுப் பைத்தியக்காரத்தனம் என்று நினைக்க வேண்டாம். நம் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீர், சும்மா விட்டால் சுரங்கத்தின் தரையைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். இரவு பகலாக அதை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இறைக்கும் பம்புக்கு மின்சாரம். மின்சாரத்துக்குக் கரி. நியூகாமன் வந்து பார்த்தால் யந்திரம்தான் புதிதாகத் தெரியும்.

நியூகாமனுக்கு என்ன கிடைத்தது? அவருக்கு முன்னாலேயே தாமஸ் சேவரி என்பவர், நெருப்பை வைத்துத் தண்ணீர் ஏற்றும் வித்தைக்கெல்லாம் தாமே உரிமையாளர் என்று காப்புரிமை வாங்கி வைத்திருந்தார். சேவரியின் சாதனம் ஆழமான சுரங்கத்துக்கு உதவவில்லை, காப்புரிமை மட்டும் ஆழமாக வேலை செய்தது. அது 1733 வரை செல்லும். நியூகாமன் 1729-இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஜேம்ஸ் வாட்டைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. கெட்டில் மூடி துள்ளியதைப் பார்த்து நீராவியைக் கண்டுபிடித்தார் என்று பள்ளிக்கூடத்தில் போதுமான அளவு பொய் சொல்லிவிட்டார்கள். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பழுதாகிக் கிடந்த ஒரு நியூகாமன் மாதிரியைச் சரிசெய்யக் கொடுத்தார்கள், அவர் அதன் ஊதாரித்தனத்தைப் பார்த்துத் திகைத்தார், அவ்வளவுதான். நீராவியைக் குளிரவைக்கத் தனி அறை வைத்தால் உருளை சூடாகவே இருக்குமே என்ற யோசனை 1765-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடைப்பயிற்சியில் வந்தது. கரிச்செலவு வெகுவாகக் குறைந்தது. வாட்டும் அவருடைய கூட்டாளி போல்டனும் கட்டணம் கேட்ட விதம்தான் அழகு: பழைய யந்திரத்தோடு ஒப்பிட்டு எவ்வளவு கரி மிச்சமாகிறதோ, அதில் மூன்றில் ஒரு பங்கின் விலையைக் கொடு. எரிக்காத கரிக்குக் காசு வாங்கிய முதல் மனிதர்கள் இவர்களாகத்தான் இருக்கும்.

கரிச்செலவு குறைந்தால் நாட்டில் கரி மிச்சமாகும் என்றுதானே நினைப்போம்? யந்திரம் சிக்கனமானதும் அதைச் சுரங்க வாசலிலேயே கட்டிவைக்க வேண்டிய அவசியம் போய்விட்டது. பஞ்சாலைக்குப் போயிற்று, மாவு ஆலைக்குப் போயிற்று, சக்கரம் மாட்டிக்கொண்டு தண்டவாளத்தில் ஏறிற்று. ஊர் முழுக்கச் சிக்கனமான யந்திரங்கள், ஒவ்வொன்றும் சிக்கனமாகத் தின்று தின்று மலையைக் கரைத்தன. இதை முதலில் கவனித்துப் புத்தகமாக எழுதியவர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற பொருளாதார அறிஞர். 1865-இல் வந்த அந்த நூலின் சாரம்: சிக்கனம் செய்யச் செய்யச் செலவு கூடும், பிரிட்டனின் மலிவான கரி ஒருநாள் தீரும். மனிதருக்குப் பற்றாக்குறை பயம் கொஞ்சம் அதிகம்தான். கரியோடு காகிதமும் தீர்ந்துவிடும் என்று பயந்து வாங்கிக் குவித்தாராம். அவர் இறந்து 50 ஆண்டுகளுக்குப் பிறகும் பிள்ளைகளால் அந்தக் காகிதக் கட்டைத் தீர்க்க முடியவில்லை என்று இன்னொரு பொருளாதார அறிஞரான கெய்ன்ஸ் எழுதியிருக்கிறார். சிக்கனத்தைப் பற்றி இவ்வளவு ஆழமாக யோசித்தவர் வீட்டில் இந்த நிலைமை.

இனி எண்ணெய். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டிட்டஸ்வில் என்ற சிற்றூர்ப் பக்கம் ஓடையில் எண்ணெய் மிதக்கும். சாமுவேல் கியர் என்பவர் அப்படிப்பட்ட எண்ணெயைச் சின்னச் சின்னப் புட்டியில் அடைத்து, சர்வரோக நிவாரணியாக 50 சென்டுக்கு விற்றுக்கொண்டிருந்தார். நாகரிகத்தையே ஓட்டப்போகிற திரவம் மூட்டுவலித் தைலமாக வாழ்க்கையைத் தொடங்கியது. அதைக் காய்ச்சி வடித்தால் விளக்கு எரிக்கலாம் என்று ஒரு பேராசிரியர் சான்று கொடுத்தார். அந்நாளில் நல்ல விளக்கு வேண்டுமென்றால் திமிங்கிலத்தைக் கொல்ல வேண்டும், விலையும் அதற்கேற்ப இருந்தது. நியூ ஹேவனில் சில முதலாளிகள் சேர்ந்து கம்பெனி ஆரம்பித்தார்கள். தோண்டுவதற்கு எட்வின் டிரேக் என்பவரைப் பிடித்தார்கள்.

அவருடைய தகுதிகள்: ஒன்று, ரயில்வேயில் கண்டக்டராக இருந்து உடம்புக்கு முடியாமல் நின்றவர் என்பதால் கையில் இலவச ரயில் பாஸ் இருந்தது. இரண்டு, கம்பெனிக்காரர் டவுன்சென்ட் தங்கியிருந்த ஓட்டலிலேயே அவரும் தங்கியிருந்தார். மூன்றாவது தகுதி எதுவும் இல்லை. பட்டிக்காட்டில் மதிப்பு வேண்டுமே என்று டவுன்சென்ட் அவருக்கு முன்கூட்டியே 'கர்னல் டிரேக்' என்று விலாசமிட்டுக் கடிதங்கள் அனுப்பி வைத்தார். டிரேக் போய் இறங்குவதற்குள் பட்டாளத்துக்கே போகாத கர்னலுக்கு ஊரே சல்யூட் அடிக்கத் தயாராக இருந்தது.

தோண்டினால் குழி சரிகிறது, தண்ணீர் நிரம்புகிறது. ஊரார் வேடிக்கை பார்த்துச் சிரித்தார்கள். டிரேக் ஓர் இரும்புக் குழாயைப் பாறை தட்டும்வரை அடித்து இறக்கி, அதற்குள் துளை போட்டார். இன்றைக்கு உலகமெங்கும் எண்ணெய்க் கிணறு தோண்டுவதற்கு அடிப்படையான வித்தை அது. அதற்குக் காப்புரிமை வாங்கத் தோன்றவில்லை. பணம் கரைந்தது. டவுன்சென்ட் கடைசித் தவணையை அனுப்பி, கடனை அடைத்துவிட்டுக் கடையைக் கட்டு என்று எழுதினார். அந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள், 1859 ஆகஸ்ட் 27, சனிக்கிழமை, 69 அடியில் துளைக்கருவி ஒரு பிளவுக்குள் வழுக்கி இறங்கியது. மறுநாள் ஞாயிறு. கொல்லர் பில்லி ஸ்மித் சும்மா எட்டிப் பார்க்கப் போனவர், குழாயில் கறுப்பாக ஏதோ மினுங்குவதைக் கண்டார். பிடித்து வைக்கப் பாத்திரம் கிடையாது. தொட்டி, வாளி, விஸ்கி பீப்பாய் என்று அகப்பட்டதிலெல்லாம் ஊற்றினார்கள். இன்றைக்கும் கச்சா எண்ணெய் விலையைப் பீப்பாயில்தான் சொல்கிறார்கள்.

பிறகு நடந்தது திருவிழாக் கூட்டம். 1861 தொடக்கத்தில் பீப்பாய் 10 டாலர் விற்ற எண்ணெய், அந்த வருஷம் முடிவதற்குள் 10 சென்ட். பீப்பாயைவிட உள்ளே இருந்த சரக்கு மலிவு. பிட்ஹோல் என்ற இடத்தில் 1865-இல் சில மாதங்களில் 15,000 பேர் குடியேறினார்கள். 20 லட்சம் டாலருக்குக் கைமாறிய மனை ஒன்று, எண்ணெய் வற்றியபின் 1878-இல் ஏலத்தில் 4 டாலர் 37 சென்டுக்குப் போனது. டிரேக் கையில் இருந்ததையும் பங்குச் சந்தையில் தொலைத்து, மாநில அரசு கொடுத்த உதவித்தொகையில் கடைசிக் காலத்தைத் தள்ளினார்.

அந்தக் காலத்து நியூயார்க் பத்திரிகை ஒன்று, எண்ணெய்க் கிணறுகளைக் கொண்டாடித் திமிங்கிலங்கள் விருந்து வைத்து நடனமாடுவதாகக் கேலிச்சித்திரம் போட்டது. திமிங்கிலங்கள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டன. எண்ணெயில் ஓடும் கப்பலும் வெடிகுண்டு ஈட்டியுமாக 20-ஆம் நூற்றாண்டு வந்து, சுமார் 29 லட்சம் திமிங்கிலங்களைக் கொன்று தீர்த்தது.

அப்போது கச்சா எண்ணெயில் எல்லாரும் தேடியது மண்ணெண்ணெயை. வடிக்கும்போது முதலில் வரும் லேசான, பொசுக்கென்று பற்றிக்கொள்ளும் திரவம் ஒரு சனியன். ராத்திரியோடு ராத்திரியாக ஆற்றில் கொட்டினார்கள். அந்தச் சனியனின் பெயர் பெட்ரோல். அதற்கு மரியாதை வந்ததில் ஒரு பெண்மணியின் பங்கு உண்டு. 1888 ஆகஸ்டில், ஜெர்மனியின் மன்ஹைம் நகரில், கார்ல் பென்ஸ் தூங்கிக்கொண்டிருந்தபோது அவருடைய மனைவி பெர்தா இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு, கணவர் செய்த மூன்று சக்கர வண்டியில் 100 கிலோமீட்டருக்கு மேல் தாண்டியிருந்த அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடித்துக்கொண்டார். எரிபொருள் தீர்ந்தது வீஸ்லோக் என்ற ஊரில். நேரே மருந்துக்கடைக்குப் போனார். துணிக் கறை எடுக்க விற்கும் லிக்ராயின் என்ற பெட்ரோலிய வடிசலை வாங்கி வண்டிக்கு ஊற்றினார். உலகத்தின் முதல் பெட்ரோல் பங்க் ஒரு மருந்துக்கடை.

இதெல்லாம் நடந்தும், உலகத்தின் சக்கரவர்த்தியான பிரிட்டிஷ் கடற்படை கரியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. வேல்ஸ் தேசத்துக் கரிக்கு ஈடு இணையில்லை, அதுவோ காலடியிலேயே கிடக்கிறது. ஒரே தொல்லை, கப்பலில் கரி ஏற்றும் நாள். சாக்குச் சாக்காகச் சுமந்து கப்பல் முழுக்க, அதிகாரி முதல் சமையற்காரன் வரை, கரிச்சட்டி முகத்தோடு திரிவார்கள். எண்ணெய் என்றால் குழாயைச் சொருகினால் போதும், வேகமும் கூடும். 1911-இல் கடற்படை மந்திரியாக வந்த சர்ச்சிலுக்கு ஜெர்மானியக் கப்பல்களைவிட வேகமான கப்பல் வேண்டும். எண்ணெய்க்கு மாறினார். பிரிட்டனில் எண்ணெய் கிடையாது என்ற சிறு விஷயம் மட்டும் இடித்தது.

அதற்குப் பாரசீகத்தில் ஏற்கெனவே ஒருவர் குழி தோண்டி வைத்திருந்தார். ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்கத்தில் கொழுத்த வில்லியம் டார்சி, 1901-இல் ஷாவுக்கு ரொக்கமாக 20,000 பவுண்டும், அதே அளவு பங்கும், லாபத்தில் 16 சதவீதமும் பேசி, அந்த நாட்டின் பெரும்பகுதியில் 60 வருஷத்துக்கு எண்ணெய் உரிமை வாங்கினார். பாரசீகத்துக்கு அவர் ஒருநாளும் போனதில்லை. வெயிலில் வெந்தவர் ஜார்ஜ் ரெனால்ட்ஸ், இந்தியப் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்துப் பழகிய எஞ்சினீயர். டார்சியின் பணம் கரைந்து, பர்மா ஆயில் கம்பெனி உள்ளே வந்து, அதன் பணமும் கரைந்தது. நிறுத்து என்று தந்தி வந்தது. ரெனால்ட்ஸுக்குத் தந்தியில் நம்பிக்கையில்லை, கடிதம் வரட்டும் என்றார். பொதுப்பணித் துறை அனுபவம் வீண்போகவில்லை. கடிதம் கப்பலில் ஆடி அசைந்து வந்துகொண்டிருந்தபோது, 1908 மே 26 அதிகாலையில், மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய் பீறிட்டது. டிட்டஸ்வில்லிலும் இதே கதைதான். தபால் துறை சுறுசுறுப்பாக இருந்திருந்தால் நாம் இன்றும் மாட்டுவண்டியில் போய்க்கொண்டிருப்போமோ என்னவோ. ரெனால்ட்ஸைச் சில வருஷத்தில் 1,000 பவுண்டு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

1914 ஜூனில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 22 லட்சம் பவுண்டு போட்டு அந்தப் பாரசீகக் கம்பெனியில் 51 சதவீதத்தை வாங்க ஒப்புக்கொண்டது. காலடியில் கரியை வைத்துக்கொண்டு, கடல் கடந்து அடுத்தவன் பாலைவனத்தில் கை நீட்டத் தொடங்கிய நாள் அது. அந்தக் கையை எடுக்க முடியாமல் அடுத்த 40 வருஷம் பட்ட பாட்டுக்குத் தனிக் கட்டுரை வேண்டும். ஆகஸ்டில் உலகப்போர் வந்தது.

செப்டம்பர் 22 இரவு, சென்னை. கரையோர விளக்குகள் வழக்கம்போல் எரிந்துகொண்டிருந்தன. ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சத்தமில்லாமல் வந்து நின்று, நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசியது. துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் மண்ணெண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அதே பர்மா ஆயில். ஒரு குண்டு விழுந்த இடத்துக்கு உயர் நீதிமன்றச் சுவரில் இன்றும் கல்வெட்டு இருக்கிறது. மறுநாளிலிருந்து சென்னைவாசிகள் பெட்டி படுக்கையோடு ரயிலுக்கு முண்டியடித்தார்கள். எண்ணெய்த் தீக்குப் பயந்து ஓடியவர்களை ஏற்றிக்கொண்டு கரி எஞ்சின்கள் ஊர் ஊராகப் போயின.

எம்டனும் கரிக்கப்பல்தான். எண்ணெயைக் கொளுத்திவிட்டுப் போனாலும் அதை எரித்து ஓடும் வசதி அதற்கு இல்லை. தன் அடுப்புக்குக் கரி தேடுவதுதான் அதன் கேப்டன் முல்லருக்கு அன்றாடக் கவலை. சென்னையை விட்டு ஐந்தே நாளில், 27-ஆம் தேதி, வழியில் புரெஸ்க் என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் அகப்பட்டது. உள்ளே பிரிட்டிஷ் கடற்படைக்காக அனுப்பப்பட்ட கார்டிஃப் கரி, 6,000 டன்னுக்கு மேல், முதல் ரகம். முல்லர் அதை மூழ்கடிக்கவில்லை. தன் ஆட்களை ஏற்றி, கூடவே வா என்று அழைத்துப் போய்விட்டார்.